கதவு ரெண்டு, காவல் ஒண்ணு

ஃபைல் பர்மிஷன்னா ஓனர், குரூப், அதர்ஸ், மொத்தம் ஒன்பது பிட்னு பாடத்துல முடிச்சுடறாங்க. 'இந்த ஃபைல்ல நானும் என் புராஜெக்ட் பார்ட்னரும் மட்டும் எழுதணும்'னா என்ன பண்றது? அதுக்குத்தான் அக்செஸ் கண்ட்ரோல் லிஸ்ட், சுருக்கமா ஏசிஎல். ஆளுக்கு ஆள் பேர் போட்டு அனுமதி எழுதற பட்டியல்.

பட்டியலைக் கொடுக்கறது ஏதோ ஒரு யூசர் புரோகிராம். கெர்னல் அதை அப்படியே நம்பிடக் கூடாது. லினக்ஸ்ல இதைப் பார்க்கவே போசிக்ஸ் ஏசிஎல் வேலிட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. முதல்ல ஓனர், அப்புறம் பேர் சொன்ன யூசர்கள், குரூப், பேர் சொன்ன குரூப்கள், மாஸ்க், கடைசில மத்தவங்க. வரிசை தப்பினா தள்ளிடும். பேர் சொன்ன ஆள் ஒருத்தர் இருந்து மாஸ்க் இல்லேன்னாலும் தள்ளிடும். எங்க பெரணமல்லூர், ஆரணிப் பக்கம் தறியில புதுப் பாவைப் பழைய பாவோட இழை இழையா பிணைக்கறதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

ஆனா பட்டியல் ஒழுங்கா இருக்கான்னு பார்க்கறது பாதி வேலைதான். அதைக் கொண்டு வந்தவனுக்கு உரிமை இருக்கான்னு கேக்கறது மீதி. லினக்ஸ் கோட்டை விட்டது அங்கேதான்.

ஒரு காலத்துல ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் தனித்தனியா சோதனை போட்டுக்கிட்டு இருந்தது. (2010ல ஐபிஎம்ல இருந்து அனீஷ் குமார் கே.வி. எழுதின 9பி ஏசிஎல் கோடைத் திறந்து பாருங்க, ரெண்டு கேள்வியும் அங்கேயே இருக்கும்.) 2014ல வந்த 3.14 கெர்னல்ல இந்த நகல்கள்ல பெரும்பாலானதை ஒழிச்சுப் பொதுவான ஒரு இடத்துக்குக் கொண்டு வந்தாங்க. நல்ல காரியம். அந்த வேகத்திலேயே என்எஃப்எஸ் சர்வர் கோடையும் மாத்தினாங்க. எக்ஸ்டெண்டட் ஆட்ரிப்யூட் வழியா சுத்திப் போகாம, ஃபைல் சிஸ்டத்தோட செட் ஏசிஎல்லை நேரா கூப்பிடற மாதிரி. ஓனரான்னு கேக்கற காவல்காரர் உட்கார்ந்திருந்தது அந்தச் சுத்து வழியில!

விளைவு? என்எஃப்எஸ் வழியா வர்றவர் அடுத்தவர் ஃபைலுக்கு ஏசிஎல் போட்டு, தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கலாம். ஸ்டூடண்ட்ஸ் ஹோம் டைரக்டரியும் இன்டர்னல் மார்க்கும் ஒரே என்எஃப்எஸ் சர்வர்ல இருக்கற காலேஜை நினைச்சுப் பாருங்க :) ரெண்டு வருஷத்துக்கு மேல கழிச்சு, 2016லதான் சரி பண்ணாங்க. சிவிஇ-2016-1237னு தேடினா கிடைக்கும்.

டூப்ளிகேட் கோடைப் பார்த்தா அழின்னு நமக்குச் சொல்லித் தர்றாங்க. எந்த வழி எந்தச் சோதனையை நம்பி நடக்குதுன்னு பார்த்துட்டு அழின்னு யாரும் சொல்றதில்லை. என் கருத்து, சோதனை வாசல்ல இருக்கவே கூடாது. எல்லா வாசலும் வந்து சேர்ற இடத்துல இருக்கணும். வேகம் குறையும்னு சிலர் சொல்லலாம். ஏசிஎல்லை மாத்தறது எப்பவோ ஒரு தடவை, படிக்கறதுதான் நிமிஷத்துக்கு நூறு தடவை. மாத்தும்போது ரெண்டு கேள்வி கூடக் கேட்டா என்ன குறைஞ்சிடப் போகுது?

2016 திருத்தமும் இதைத்தான் செஞ்சது. செட் போசிக்ஸ் ஏசிஎல்னு ஒரே ஃபங்ஷன், உள்ளே ரெண்டு சோதனையும். கூடவே ஐநோடைப் பூட்டிட்டுத்தான் அதைக் கூப்பிடணும்னும் ஆச்சு. அதுவரைக்கும் செட் ஏசிஎல்லைக் கூப்பிடறவங்கள்ல பூட்டாம கூப்பிட்டுக்கிட்டு இருந்தது இந்த என்எஃப்எஸ் சர்வர் ஒண்ணுதானாம்.