வெள்ளைக்காரன் போட்ட ரயில்

"வெள்ளைக்காரன் இருந்திருந்தா நம்ம சத்திக்கும் எப்பவோ ரயில் வந்திருக்குமுங்க" என்று உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தீர்ப்பு வழங்க, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ஆமோதித்துத் தலையாட்டியதைக் கண்டு எனக்கு உண்டான எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. திப்புவோடு சண்டை போட 1790இல் இந்தச் சத்தியமங்கலத்தைத் தேடி வந்து, 1799 முதல் 148 வருஷம் இந்தச் சீமையை ஆண்டு, சத்திக்கு ஒரு தண்டவாளமும் கொண்டுவராத மகானுபாவன், இன்னும் எத்தனை தலைமுறை இருந்தால் மனம் இரங்கியிருப்பானாம்? திம்பம் மலைக்கு அப்பால் சாமராஜநகரம் வரை 1926இல் ரயில் விட்டது மைசூர் சமஸ்தானம், வெள்ளைக்காரன் அல்ல.

ரயில் போட்டதாவது அவன் பணமா? லாபம் வந்தாலும் வராவிட்டாலும் லண்டன் பங்குதாரனுக்கு ஏறக்குறைய 5 சதவீத வட்டி நிச்சயம் என்று உத்தரவாதம் தந்த சர்க்கார், அந்த வட்டியை நம் குடியானவனின் கிஸ்திப் பணத்திலிருந்துதான் எடுத்துக் கொடுத்தது.

கட்டடங்களையாவது அவன் கட்டினானா என்றால், நம்பெருமாள் செட்டியார் குறுக்கே வந்து நிற்கிறார். சென்னை ஹைகோர்ட்டைக் கட்டியவர் யார்? நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா பப்ளிக் ஹால்? அவரே. கன்னிமாரா நூலகம்? அதுவும் அவரே. சேத்துப்பட்டில் வீதி வீதியாக வீடுகளை வைத்திருந்தவர், நான்கு பெட்டிகள் கொண்ட சொந்த ரயிலில் பிரயாணம் செய்தவர் என்று சென்னைச் சரித்திரம் எழுதியோர் குறிக்கும் அந்தச் செட்டியாரின் வீடுகளில் ஒன்றில்தான், கணித மேதை ராமானுஜன் 1920இல் கண்ணை மூடினார். 1908இல் திறந்த எழும்பூர் ஸ்டேஷனைக் கட்டிய காண்ட்ராக்டரும் சாமிநாத பிள்ளை என்கிற நம்மவரே. ஆனாலும் படம் வரைந்த இர்வின் துரையின் பெயர் நமக்கு மனப்பாடம். சுண்ணாம்பு குழைத்துக் கல் அடுக்கிய கைகள் யாருக்கும் ஞாபகமில்லை.

இந்த மறதியின் மறுபாதிதான், பாலம் இடிந்தால் "நம்மாளு கட்டினதுதானே" என்று சிரிக்கும் அற்பத்தனம். ஹைகோர்ட்டும் நம்மாளு கட்டினதுதான் ஐயா, நம்பெருமாள் செட்டியார்!

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லாரி திணறுவதைக் கண்டு ரயிலுக்கு ஏங்குவோர் டில்லியைக் கேட்கட்டும். புலிக்காடு குறுக்கே நிற்கிறதென்றால் அதற்குரிய வழக்கை வாதாடட்டும். கப்பலேறிப் போனவனிடம் மனுப் போட்டால் எந்த ஸ்டேஷனிலும் டிக்கெட் கிடைக்காது.