குலசேகரன்பட்டினத்துக்கு ஒரு நாள்

விடுமுறை வந்துற்றதும் நம் மாணவர் உல்லாசப் பிரயாணத்துக்கு ஆயத்தமாகின்றனர். குற்றாலம் ஒருமுறை, கோடைக்கானல் ஒருமுறை. அப்பால் நெல்லைச் சீமையிற் காண்பதற்கு யாதுளது என வினவுவாரும் உளர். காலையிற் புறப்பட்டு மாலையில் மீளத்தக்க தொலைவில் நம் பழந்துறைகள் கிடக்கின்றன. அவற்றை ஏறெடுத்தும் பாராதிருத்தல் கற்றோர்க்கு அழகன்று என்பதே எம் கருத்து.

சீன தேசத்து ஷாங்காய் நகரத்தார், ஓய்வுநாளில் அயலிலுள்ள நீர்சூழ் பழவூர்களுக்குச் சென்று மீளும் வழக்கமுடையர். ஜூஜியாஜியாவ் என்னும் ஊரில், ஐந்து வளைவுகளையுடைய பழைய கற்பாலத்தின்மீது நின்று கால்வாயிற் படகு செல்வதைக் காண்பர். முன்னோர் வாணிகம் செய்த துறையை மறவாமை அவர்தம் பெருமை. ஆயினும் சோவ்ஜுவாங் போன்ற ஊர்களில் உட்புகுவதற்கே சீட்டு வாங்கவேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஊரே மறைந்துபோகும். அவர்பாற் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் இவையே.

நிற்க. அவர்தம் ஊர்களில் நீர் நிலைத்து நின்றது. நம் துறைகளையோ நீர் கைவிட்டது. பாண்டியர் முத்துத்துறையாகிய கொற்கை, தாமிரபருணி கொணர்ந்த வண்டலால் இன்று கடலுக்குச் சில மைல் உள்ளே வயல்களின் நடுவே கிடக்கின்றது. அதன் பின்னர்ச் செழித்த காயல், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்த துறை. அதுவே பழையகாயல் என்று கருதிய கால்டுவெல் ஐயர், அங்கே சீனப் பீங்கான் துண்டுகளைக் கண்டெடுத்தார். சீனத்துக்கும் நமக்கும் இருந்த உறவு நம் மண்ணிலேயே புதைந்துள்ளது!

குலசேகரன்பட்டினமோ இன்றும் கடலோரத்திலேயே உள்ளது. பாண்டிய மன்னன் ஒருவன் பெயரைத் தாங்கிய இவ்வூரை நம்மிற் பலர் ஓரிரவு மட்டுமே அறிவர். தசரா விழாவின் பத்தாம் நாளில், வேடம் புனைந்த அடியார் பல்லாயிரவர் முத்தாரம்மன் திருக்கோயிலுக்குத் திரண்டு வருவர். யானும் முதன்முறை அவ்விரவிலேயே சென்றேன். கூட்டத்தைக் கண்டேனேயன்றி ஊரைக் கண்டிலேன். பின்னர் ஒரு சாதாரண நாளிற் சென்றபோதே தெருக்களின் அமைதியும் கடலின் ஓசையும் எனக்குப் புலனாயின.

"அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது?" என்பர் சிலர். அறியாது செல்வார்க்கு மணலும் பனையுமே தோன்றும். அறிந்து செல்வார்க்கோ, திருச்செந்தூரிலிருந்து இவ்வூர் வழியாகத் திசையன்விளைக்கு ஒருகாலத்தில் ஓடிய சிறுரயில் நினைவுக்கு வரும். 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டுப் புரட்சியின்போது உப்பள அதிகாரி லோன் என்பவர் கொல்லப்பட்டதும், அவ்வழக்கில் இளைஞர் இருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர்க் குறைக்கப்பட்டதும் நினைவுக்கு வரும். தெற்கே சிறிது தூரம் சென்றால் மணப்பாடு. 1542-இல் இக்கடற்கரைக்கு வந்த தூய சவேரியார் தங்கிய குகை அங்கே கடலை நோக்கி உள்ளது.

இவ்வூர் இன்னொரு மாறுதலை எதிர்நோக்கி நிற்கின்றது. சிறு செயற்கைக்கோள்களை ஏவுதற்குரிய தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட்டு, இலங்கைத் தீவை விலக்கி வளைந்து செல்லவேண்டும். அதனால் எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். இங்கிருந்தோ தெற்கே கடலின்மீது நேராகச் செல்லலாம். மரக்கலத்துக்கு உதவிய கடற்கரை வான்கலத்துக்கும் உதவுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் புதியது எழும்போது, பழையதை அறிந்தோர் நினைவும் எழுத்தில் ஏறாது அழியுமாயின், அவ்விழப்பை எந்த விஞ்ஞானமும் மீட்டுத்தராது.

ஆதலின் மாணவ நண்பர்களே, ஒரு நாளை ஒதுக்குங்கள். காலை ரயிலில் திருச்செந்தூர் சென்று, பேருந்தேறிக் குலசேகரன்பட்டினத்தையும் மணப்பாட்டையும் காணுங்கள். கொற்கையும் பழையகாயலும் மற்றொரு நாளுக்கு இருக்கட்டும். ஓரூரில் நின்று காண்பது பத்தூர்களை ஓடிக் காண்பதினும் நன்று. இவ்வூர் காட்சிச்சாலையன்று, மக்கள் வாழும் இடம் என்பதை மறவாதீர்கள். குப்பையை விட்டு வராதீர்கள்; முதியோரிடம் பணிவுடன் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு இம்மலரில் அக்குறிப்புக்கள் இடம்பெறுமாயின், அதுவே அப்பிரயாணத்தின் பயனாகும்.