ஆடிப் பச்சையில் ஒரு வாழ்த்து

ஆடி பிறந்துவிட்டால் பெரியபாளையம் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேப்பஞ்சேலை கட்டி வருபவர்கள், மஞ்சள் புடவைக் கூட்டம், கடைகளில் குங்குமக் குவியல். அந்தப் பச்சை, மஞ்சள், சிவப்பை வைத்துத்தான் இந்த வார வாழ்த்து அட்டை.

யாருக்கு? ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் புதுப்பெண், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் கணவருக்கு அனுப்பலாம். வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாத மனிதருக்கு, வீடு திரும்பும்போது பெயரெழுதிய கவர் ஒன்று காத்திருந்தால் எப்படி இருக்கும்! மாமியார் கையில்தான் முதலில் கிடைக்கும் என்றால் கவரின் ஓரத்தை நன்றாக ஒட்டிவிடுங்கள்.

ஸ்டேஷனரி கடையில் கொஞ்சம் கெட்டியான ஏ4 அட்டை வாங்குங்கள், 250 ஜிஎஸ்எம் போதும். குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு கார்டுக்கு ஆகும். நடுவில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டு மடித்தால் மடிப்பு பிசிறடிக்காது. மடித்த அளவு 10.5 x 14.8 செ.மீ.

டிசைன் பேப்பருக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை, பரிசுப்பொருள் சுற்றி வந்த தாள் எதுவும் ஓகே. காசு கொடுத்து வாங்குவதென்றால் என் ஓட்டு புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்த மார்பிள் காகிதத்துக்கு. நீரின் மேல் வண்ணங்களை மிதக்கவிட்டு, சீப்பால் இழுத்துக் கோலமாக்கி, தாளை அதன்மேல் படுக்கவைத்து எடுப்பது மார்பிள் முறை. அதனால் ஒரு தாள்போல இன்னொன்று வராது.

நிறத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பச்சையும் சிவப்பும் சம அளவில் வந்தால் இரண்டும் சண்டை போடும், கண் கூசும். பத்தில் ஆறு பங்கு பச்சை, மூன்று பங்கு மஞ்சள், ஒரு பங்கு சிவப்பு என்று வையுங்கள். டிசைன் பேப்பர் ஒன்றே ஒன்று போதும். மற்ற வெறும் தாள்களின் நிறம் அந்த டிசைனுக்குள் எங்காவது இருக்க வேண்டும். ட்யூப் லைட்டை நம்பாமல் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பாருங்கள். போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்தால் இன்னும் தெளிவு: எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் மஞ்சளை வெளிர் மஞ்சளாக மாற்றுங்கள்.

பச்சை டிசைன் பேப்பரை 9.5 x 13.8 செ.மீ. வெட்டி, சுற்றிலும் அரை செ.மீ. விட்டு ஒட்டுங்கள். அதன்மேல் குறுக்காக மஞ்சள் பட்டை. பட்டைமேல் மூன்று வேப்பிலை. ஓரத்தில் பல் பல்லாகவும், நுனி ஒரு பக்கம் வளைந்தும் இருந்தால்தான் அது வேப்பிலை, இல்லாவிட்டால் மாவிலை ஆகிவிடும். நிஜ இலையை ஒட்டாதீர்கள், காய்ந்து சுருண்டு கறை விடும். குங்குமப் பொட்டுக்குப் பஞ்சிங் மெஷினில் விழும் சிவப்பு வட்டம் கச்சிதம். ஈரப் பசை தாளைச் சுருக்கும். க்ளூ ஸ்டிக் தடவி, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள். முத்து, கல் வேண்டாம், தபால் முத்திரைக்குத் தாங்காது.

உள்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். 'இனிய வாழ்த்துகள்' கடை கார்டிலேயே அச்சாகி வரும். அவர் இல்லாத வீட்டில் இன்று என்ன நடந்தது என்று நாலு வரி எழுதுங்கள். பின்கோடோடு சீக்கிரம் பெட்டியில் போடுங்கள். ஆடி முடிந்து நீங்கள் போய் இறங்கிய பிறகு தபால்காரர் அதை உங்கள் கையிலேயே கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?