ஓணானுக்கு ஏது சைவம்?

எங்க ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போற வழியில, செய்யாற்றங்கரையில இருக்கு. சம்பந்தர் பாடின தலம். பொன் நிறத்துல மின்னுன ஒரு உடும்பைச் சோழ ராஜா துரத்திட்டு வந்தாராம், அது ஒரு புத்துக்குள்ள போய் மறைஞ்சுதாம், கடைசியில பார்த்தா வந்தது சிவனாம். ஸ்தல புராணம் அப்படித்தான் சொல்லுது. உள்ள இருக்கிற லிங்கமே உடும்பு வால் வடிவத்துலதான் இருக்கும். அந்தப் பக்கம் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனீங்கன்னா தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிட பெரிய வரிசையே நிக்கும்.

பல்லி வகையறாவுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஊர்ல பொறந்து வளர்ந்தவன் நான். ஒரு குட்டி ஓணானுக்கு ஒழுங்கா சோறு போடத் தெரியாம அதோட கையை நிரந்தரமா வளைய வச்சவனும் நான்தான். இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கடைசியில கொஞ்சம் அட்வைஸ் மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க :-)

மேட்டர் இதுதான். 'பியர்டட் டிராகன்'னு ஒரு பிராணி. பேரைக் கேட்டா பயமா இருக்கும், ஆனா ஆள் நம்ம வேலி ஓணானுக்குத் தூரத்துச் சொந்தம்தான். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவோட வறண்ட உள்நாடு. கோபம் வந்தா தொண்டையை உப்பிக்கிட்டு கருப்பாக்கும், அதுதான் தாடி. சாது. கையில ஏறி உட்கார்ந்துக்கும். சென்னையில ஒரு கடையில உள்ளங்கை அளவுக் குட்டியைப் பார்த்தேன். அது ஒரு கையைத் தூக்கி மெதுவா ஆட்டிச்சு, 'ஹாய்' சொல்ற மாதிரி. அவ்வளவுதான், பர்ஸ் காலி. (அது ஹாய் இல்லை, 'நான் சின்னப் பையன், என்னை விட்டுடு'ன்னு சொல்ற சைகையாம். அப்புறமாத்தான் படிச்சேன்.)

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அக்கா பொண்ணு 'தாத்தா'ன்னு பேர் வச்சா. தாடி இருக்கே!

கடைக்காரர் சொன்ன டயட் இது: "சார், கீரை போடுங்க, காய் போடுங்க, எப்பவாவது புழு போடுங்க. கண்ணாடித் தொட்டியை ஜன்னல் பக்கம் வச்சுடுங்க, வெயில் படும். வேற ஒண்ணும் தேவையில்ல." கேக்க எவ்வளவு சுகமா இருக்கு பாருங்க. எங்க வீடு சைவம். அதனால 'எப்பவாவது புழு'ங்கிறது சீக்கிரமே 'புழுவே இல்லை'ன்னு ஆயிடுச்சு. அம்மா தினமும் பாலக்கீரை நறுக்கிப் போட்டாங்க. ஆப்பிள், வாழைப்பழம். ஒருநாள் ஆசையா தயிர்சாதம் கூட வச்சாங்க. தாத்தா எதையோ கொஞ்சம் கொறிச்சுட்டு கண்ணை மூடிக்கும். "பாவம், சாதுவான ஜீவன்"னு அம்மா சொல்லுவாங்க. அது சாது இல்லை, பட்டினின்னு எங்க யாருக்கும் தெரியலை.

ஒரு மாசம் போச்சு. விரல் லேசா நடுங்க ஆரம்பிச்சுது. அப்புறம் முன்கையை ஊன்றி உடம்பைத் தூக்க முடியலை, வயித்தைத் தரையில தேய்ச்சுக்கிட்டே நகர்ந்துது. சென்னையில ஊர்வன பார்க்கிற ஒரு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். அவர் தாடையை விரலால மெதுவா அழுத்திப் பார்த்தார். ரப்பர் மாதிரி அமுங்குச்சு. எக்ஸ்ரேயில எலும்பு நிழல் மாதிரிதான் தெரிஞ்சுது. "கால்சியம் இல்லாம உடம்பு தன் எலும்பையே கரைச்சு எடுத்துக்குது தம்பி. இன்னும் பதினைஞ்சு நாள் கழிச்சு வந்திருந்தா கஷ்டம்"னார்.

இன்ஜினியரிங் படிச்சு வேலை பார்க்கிறவன். எட்டு வரி புரோகிராமை ஓட்டுறதுக்கு முன்னாடி மேனுவல் படிப்பேன். உயிரோட இருக்கிற ஒண்ணுக்கு மேனுவல் படிக்கலை. வெட்கமா இருந்துச்சு. அதுக்கப்புறம் உட்கார்ந்து படிச்சதையும், டாக்டர் சொன்னதையும், ஒன்றரை வருஷமா செய்து பார்த்ததையும் சொல்றேன்.

முதல் விஷயம். வளர்ந்த தாடி ஓணான் பெரும்பாலும் இலை தழை தின்னும். ஆனா குட்டி அப்படி இல்லை. முதல் வருஷம் முழுக்க அதோட சாப்பாட்டுல முக்கால் பங்கு பூச்சி, கால் பங்குதான் கீரை காய். வளர வளர இது அப்படியே தலைகீழாகும். முட்டையிலிருந்து வரும்போது சுமார் 10 சென்டிமீட்டர் இருக்கிறது ஒரு வருஷத்துல அரை மீட்டரைத் தொடும். அந்த வேகத்துக்குப் புரதம் வேணும், பாலக்கீரையில இருந்து அது வராது. சின்னக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை, வேளைக்குப் பத்து பதினைஞ்சு நிமிஷத்துல எவ்வளவு தின்னுமோ அவ்வளவு பூச்சி. பூச்சியோட நீளம் குட்டியோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைத் தாண்டக் கூடாது. பெருசா போட்டா குடல் அடைச்சுக்கும்.

ரெண்டாவது, பூச்சி மட்டும் போட்டாலும் பத்தாது. கிரிக்கெட் பூச்சியில (நம்ம சுவர்க்கோழிதான்) கால்சியத்தை விடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். ஓணானுக்கு வேண்டியது நேர் எதிர், பாஸ்பரஸ் ஒரு பங்குன்னா கால்சியம் ரெண்டு பங்கு. அதனால பூச்சிக்கே முதல்ல ஒரு நாள் முழுக்க நல்ல கீரை, கேரட் போட்டு வயித்தை நிரப்பணும். அப்புறம் பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடியில புரட்டிப் போடணும், மொளகாப்பொடியில இட்லியைப் புரட்டுற மாதிரி. விட்டமின் பொடி வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போதும், அதிகமானாலும் ஆபத்து.

பாட்டி ஒரு யோசனை சொன்னாங்க: "கால்சியம்தானே? வெத்தலைச் சுண்ணாம்பைத் தடவுடா." அதை மட்டும் செஞ்சுடாதீங்க. நீத்த சுண்ணாம்பு வேற, கால்சியம் கார்பனேட் வேற. சுண்ணாம்பு வாயைப் பொசுக்கிடும். நாட்டு மருந்துக் கடையில, பறவைக் கடையில 'கடல் நுரை'ன்னு விப்பாங்களே, கணவாய் ஓடு, அது கார்பனேட். அதை மாவா இடிச்சுப் போடலாம்.

மூணாவது, எல்லாரும் கோட்டை விடுற இடம். எவ்வளவு கால்சியம் போட்டாலும் விட்டமின் டி3 இல்லாம அது குடல்ல ஏறாது. டி3 உருவாகத் தோல்ல புற ஊதா பி கதிர் படணும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை விடாது! தாத்தா ஒரு மாசம் ஜன்னலோரம் வெயில்ல காய்ஞ்சுது, பிரயோஜனம் பூஜ்யம். அதுக்குன்னு தனி யுவிபி டியூப் லைட் இருக்கு. அது எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் உள்ள கதிர் குறைஞ்சிடும், கம்பெனி சொன்ன காலக்கெடுவுல, ஆறு மாசமோ ஒரு வருஷமோ, மாத்தியே ஆகணும். கூடவே வெயில் காயற மூலை 40 டிகிரி, மறுபக்கம் நிழலா 25-28 டிகிரி. சூடு இல்லைன்னா தின்னது செரிக்காது. நம்ம ஊர்ல காலை வெயில் சும்மா கிடைக்குது. நிழலுக்கு ஒதுங்க வழி வச்சு, கம்பிக் கூண்டுல, பக்கத்துல நின்னுக்கிட்டு காட்டலாம். கண்ணாடித் தொட்டியோட வெயில்ல வச்சா வெந்துடும்.

நாலாவது, கீரை. குட்டி சீண்டாட்டியும் தினமும் வைக்கணும், பழகணும் இல்லையா. பாலக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் ஆக்சலேட் உள்ளது, இருக்கிற கால்சியத்தையும் கட்டிப் போட்டுடும். எப்பவாவது ஒரு இலைன்னா பரவாயில்லை, தினப்படி உணவா ஆகாது. எங்க வீட்டுல இப்போ முருங்கைக்கீரை, மஞ்சப் பூசணி, செம்பருத்திப் பூதான். செம்பருத்தின்னா தாத்தா உயிரை விடும். பழம் எப்பவாவது ஒரு துண்டு. வெங்காயம், அவகாடோ கூடவே கூடாது. தயிர்சாதம்... வேண்டாம், அதைப் பேச வேண்டாம்.

ஐந்தாவது, வயல்ல பிடிச்ச பூச்சி. செய்யாத்துப் பக்கம் வெட்டுக்கிளிக்குப் பஞ்சமே இல்லை, ஆனா மருந்தடிக்காத வயலைக் காட்டுங்க பார்ப்போம். ஒரு மழை நாள் சாயங்காலம் அக்கா பொண்ணு மின்மினிப்பூச்சியை டப்பாவுல போட்டு ஓடி வந்தா: "மாமா, தாத்தாவுக்கு லைட்டு!" நல்லவேளை, ஊட்டுறதுக்கு முன்னாடி தடுத்துட்டேன். மின்மினியில இருக்கிற விஷம் இதயத்தைத் தாக்கும். ஒரே ஒரு பூச்சியில தாடி ஓணான் செத்துப்போன சம்பவங்கள் கால்நடை மருத்துவர்களால பதிவாகியிருக்கு.

இப்போ நிஜமான பிரச்னைக்கு வர்றேன்.

எங்க வீட்டுல தறி இருக்கு. அப்பா நெய்யறவர். நான் கிரிக்கெட் பூச்சி டப்பாவோட வந்து நின்ன அன்னிக்கு, "டேய், இதுல ஒண்ணு தப்பிச்சுப் பாவுல ஏறுச்சு, நீ, உன் ஓணான் ரெண்டு பேரும் வெளியில"ன்னார். நியாயம்தான், அதுங்க துணியைக் கடிக்கும், பட்டை விடுமா? அதனால மொட்டைமாடியில ஒரு ரூம். பட்டுப்புழு ஓணானுக்கு அருமையான தீனி. ஆனா பட்டுக்குப் பேர் போன எங்க பக்கத்துல புழு கிடையாது. நூல் பெரும்பாலும் கர்நாடகாவுலேர்ந்து வருது, புழு வளர்க்கிறது தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்.

அம்மாதான் கேட்டாங்க. கத்தலை, சாதாரணமாத்தான் கேட்டாங்க. "ஏன்டா, ஒரு உசுரை வளர்க்கத் தினமும் நாப்பது உசுரைக் கொல்லணுமா?"

எனக்குப் பதில் வரலை. "நீ மட்டும்? ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூட்டைப் புழுவோட வேக வைக்கிறாங்களே"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. காஞ்சி மகா பெரியவரே அதனாலதான் பட்டு வேண்டாம்னார். ஆனா அந்தத் தறிதான் என்னைப் படிக்க வச்சுது. பதிலுக்குப் பதில் பேசி ஜெயிக்கிற விஷயம் இல்லை இது. அம்மா கேட்டது நூத்துக்கு நூறு சரியான கேள்வி.

ஆனா அதைக் கேட்க வேண்டிய நேரம் வாங்குறதுக்கு முன்னாடி. கேட்க வேண்டிய ஆள் நான்.

என் கருத்து இவ்வளவுதான். பூச்சியைக் கொல்ல மனசு வரலையா? அது நல்ல மனசு, தப்பே இல்லை. அப்போ கிளிஞ்சலைப் பார்த்து ரசிங்க, மீன் வளருங்க, செடி வைங்க, தாடி ஓணான் வேண்டாம். வாங்கிட்டு வந்து அதைச் சைவமாக்குறது ஜீவகாருண்யம் இல்லை. நம்ம கை சுத்தமா இருக்கணும்னு அதோட எலும்பைக் கரைக்கிறோம். நாப்பது பூச்சியைக் காப்பாத்தி ஒரு குட்டியை மாசக்கணக்கா சித்திரவதை பண்ணேன் நான், அதுக்குப் பேர் அன்புன்னு நினைச்சுக்கிட்டு. செய்யாத்தங்கரை உடும்புக்கு யாராவது தயிர்சாதம் வைக்கிறோமா? அது வண்டு, நண்டு, முட்டைன்னு அதுக்கு வேண்டியதைத் தேடித் தின்னுக்குது. தொட்டிக்குள்ள இருக்கிறதால தேட முடியாது, நாம வைக்கிறதுதான் அதோட மொத்த உலகம்.

"ஓணான்தானே, இதுக்குப் போய் இவ்வளவு செலவா?"ன்னு கேட்கிறவங்களுக்கும் அதே பதில். லைட், பொடி, பூச்சி எல்லாம் சேர்த்தா ஓணானோட விலையைத் தாண்டிடும். ஒழுங்கா வளர்த்தா பத்து வருஷம் இருக்கும். அந்தக் கணக்கை முதல்லயே போடுங்க. 'ஒண்ணும் தேவையில்ல சார்'னு சொல்ற கடையில வாங்காதீங்க. எங்கிருந்து வந்துச்சுன்னு கேளுங்க, பில் கேளுங்க. ஆஸ்திரேலியா இதை வியாபாரத்துக்கு வெளியே அனுப்புறதே இல்லை. முறையா வர்றது கூண்டுல பொறந்ததாத்தான் இருக்கணும்.

தாத்தா பொழைச்சுக்கிச்சு. ரெண்டு மாசம் சிரிஞ்சுல கால்சியம் மருந்து, அப்புறம் மேல சொன்ன சாப்பாடு. தாடை கெட்டியாயிடுச்சு. இப்போ செம்ம குண்டு. இடது முன்கை மட்டும் வளைஞ்சது வளைஞ்சதுதான், நேராகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஏறும்போது அந்தப் பக்கம் வழுக்கும், திரும்ப ஏறும்.

கேள்வி கேட்ட அம்மாதான் இப்போ தினமும் காலையில செம்பருத்தி பறிச்சுட்டு மாடி ஏறுறாங்க. பூச்சி டப்பாவை மட்டும் இன்னமும் தொட மாட்டாங்க. அது என் வேலை. அப்படித்தான் இருக்கணும்.

பி.கு: இதைப் படிச்சுட்டு உடும்பையோ நட்சத்திர ஆமையையோ பிடிச்சு வளர்க்கலாம்னு யாராவது கிளம்பினீங்கன்னா, 1972 வனவிலங்குச் சட்டப்படி கம்பி எண்ண வேண்டியதுதான். உடும்பைப் பார்க்கணும்னா மாகறலுக்கு வாங்க, கோயிலைச் சுத்திக் காட்டுறேன். தாத்தாவையும் பார்த்துட்டுப் போகலாம்.