நாலு கட்டையில் ஒரு விழா

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து என் பெரியப்பா மகள் போன் செய்தாள். "எங்க தெருப் பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து வருஷா வருஷம் பாட்டு விழா நடத்தலாம்னு இருக்கோம். நீயும் வந்து யோசனை சொல்லேன்டி" என்றாள்.

போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். மைக் செட், பந்தல், தலைமை தாங்க யார், என்ன பரிசு என்று பேச்சு மும்முரமாக நடந்தது. "சரி, யார் யார் பாடப் போறீங்க?" என்று கேட்டேன். கப்சிப்!

"நம்ம பிள்ளைங்க பாடட்டும். எனக்குத்தான் தொண்டை போயிடுச்சே, நான் பந்தியைப் பார்த்துக்கறேன்" என்றாள் அக்கா. எனக்குச் சுருக்கென்றது. சிதம்பரத்தில் வளர்ந்த நாளில் கணீரென்று பாடியவள் அவள்.

அந்தச் சிதம்பரத்தின் கதையையே அவர்களுக்குச் சொன்னேன். தில்லை நடராஜர் மீது முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் பாடிவைத்த பாட்டுகள் எத்தனை! ஆனாலும் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் துக்கடா இடம்தான். இதை மாற்ற வேண்டும் என்றுதான் 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. மூலையில் கிடந்தது முன்னே வந்தது.

பெண்களுக்கும் அப்படித்தான். திருவையாறு ஆராதனையில் ஒரு காலத்தில் பெண்கள் பாட முடியாது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பணத்தில் தியாகராஜர் சமாதியில் கோயில் எழுப்பினார். பெண்களுக்கென்று தனியாக ஆராதனையும் தொடங்கினார். பிறகுதான் எல்லாம் ஒன்றாயிற்று. "அவங்களைத் தடுக்க ஆள் இருந்தாங்க. உங்களை யாரும்மா தடுத்தாங்க?" என்றேன். அக்கா சிரித்துவிட்டாள்.

சகோதரிகளே, ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பல பெண்களுக்குக் குரல் சற்றுக் கனத்துத் தாழ்ந்துவிடும். குரல் போய்விட்டது என்று அர்த்தமில்லை; இடம் மாறியிருக்கிறது. ஐந்து கட்டையில் பாடியவர்கள் நாலரைக்கோ நாலுக்கோ இறங்கிப் பாடலாம். பழைய சுருதியைப் பிடித்துக்கொண்டு கத்தினால்தான் தொண்டை புண்ணாகும். பாடுமுன் பத்து நிமிஷம் கீழ் ஸ்தாயியில் மெதுவாக அகாரம் பாடுங்கள். அடிக்கடி செருமாமல், ஒரு வாய் வெந்நீர் குடியுங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்தோம். முதல் வருஷம் போட்டியில்லை, பரிசில்லை. ஆளுக்கு ஒரு பாட்டு. ஐம்பது தாண்டியவர்கள் முதலில் பாட வேண்டும். பந்தலுக்குப் பதில் அக்கா வீட்டுக் கூடம். செலவு சுண்டலுக்கும் காப்பிக்கும்தான். அதை வீட்டு ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்!

கிளம்பும்போது சுருதிப் பெட்டியை நாலு கட்டைக்கு வைத்து, "ஒண்ணே ஒண்ணு பாடுக்கா" என்றேன். முதல் அடியில் குரல் கொஞ்சம் பிசிறியது. இரண்டாவது அடியில் சரியாகிவிட்டது. அடுக்களையிலிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். "பாடி எத்தனை வருஷமாச்சு!" என்றவர், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.