சிகிச்சை முடிந்து வருபவருக்கு ஓர் ஊசி மருந்து

போதைப் பழக்கத்தை விட்டொழித்துச் சிகிச்சை மையத்திலிருந்து வீடு திரும்பும் ஒருவர், உள்ளே போகும்போது இருந்ததைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார். கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் டாக்டர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

பிரவுன் சுகர், அபின் முதலியவற்றை நாள்தோறும் எடுத்துக்கொள்பவரின் உடல் அதற்குப் பழகிப் போய், பெரிய அளவையும் தாங்கிக்கொள்கிறது. சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆசை மட்டும் போவதில்லை. ஊர் திரும்பியவர் பழைய சிநேகிதர்களைச் சந்திக்கிறார், பழைய அளவையே எடுக்கிறார், மூச்சு அடங்கிவிடுகிறது. லண்டனில் சிகிச்சை பெற்ற 137 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2003-ல் வெளியாயிற்று. வெளியே வந்த நான்கு மாதங்களுக்குள் அளவு மீறிய போதையால் இறந்த மூவரும் சிகிச்சையை ஒழுங்காக முடித்தவர்களே! சிறைவாசிகள் கதியும் இதுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் இவ்வகைச் சாவின் அபாயம் மற்ற ஜனங்களைவிட 129 மடங்கு என்று 2007-ல் கண்டார்கள்.

இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. பெயர் நலாக்சோன். தொடைச் சதையில் ஊசியாகப் போட்டால், சில நிமிஷங்களில் மூச்சு திரும்பும். இதில் போதை கிடையாது, பழக்கமும் ஏற்படாது. போதை மருந்து எடுக்காதவருக்குத் தவறிப் போட்டாலும் பெரிய கெடுதல் இல்லை. இப்படி அளவு மீறுவதை நேரில் பார்க்க நேரிடக்கூடிய எவர் கையிலும் இம்மருந்து இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்தில் 2011 முதல் சிறையை விட்டுப் போகிறவர்களுக்கே இதைக் கொடுத்து அனுப்புகிறார்கள். போதைச் சாவுகளில், விடுதலையான நான்கு வாரத்துக்குள் நிகழ்பவை முன்பு 9.8 சதவீதம், திட்டம் வந்த மூன்றாண்டுகளில் 6.3 சதவீதமாகக் குறைந்தன.

நம் நாட்டு நிலை என்ன? டில்லி எய்ம்ஸ் நடத்திய கணக்கெடுப்பு 2019-ல் வெளிவந்தது. அபின் இனப் போதைகளால் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 77 லட்சம் பேர் என்று அது கூறுகிறது. 2022-ல் அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் 681 பேர் என்றும், அவர்களில் 144 பேர் பஞ்சாபியர் என்றும் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. இது முழுக் கணக்காக இருக்க முடியாது. மானத்துக்கு அஞ்சி "மாரடைப்பு" என்று சொல்லித் தகனம் செய்யும் குடும்பங்கள் எத்தனையோ!

மருந்துக்குப் பஞ்சமில்லை. இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நலாக்சோன் உண்டு. மணிப்பூர், நாகாலாந்தில் ஊசிப் போதைக்காரர்களிடையே தொண்டு செய்வோர் இதைக் கொண்டு பல உயிர்களை மீட்டிருக்கிறார்கள். ஆனால் மற்ற இடங்களில் பெரும்பாலும் அது ஆஸ்பத்திரி அலமாரியிலேயே இருக்கிறது. தாராவிச் சந்திலிருந்து சயான் ஆஸ்பத்திரி தூரமில்லை. இருந்தும் மூச்சு நின்றபின் மூளை நாலைந்து நிமிஷத்துக்கு மேல் பொறுக்காது. ஒரே கோலியில் ஆறு பேர் தங்கும் இடத்தில், பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் கையில்தான் மருந்து இருக்க வேண்டும்.

பஞ்சாபில் 2017 முதல் அரசு கிளினிக்குகளில் தரும் மாத்திரையில் பியூப்ரனார்பினோடு நலாக்சோனும் கலந்திருக்கிறது. அதனால் குழப்பம் வேண்டாம். மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்வதைத் தடுக்கவே அந்தக் கலவை. உயிர் காக்கும் ஊசி வேறு.

"மருந்து கையில் இருந்தால் துணிச்சல் வந்து மறுபடி போதைக்குப் போவான்" என்று ஆட்சேபிப்போர் உண்டு. ஊசி போட்டவுடன் போதை முழுதும் இறங்கி, உடம்பு வலியும் வாந்தியும் வாட்டும். அந்த அவஸ்தையை விரும்பி எவரும் வரவழைத்துக்கொள்ள மாட்டார்கள். குடிப்பழக்கத்துக்கு இது பயன்படாது என்பதும் உண்மைதான். ஆகவே எல்லா நோயாளிக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அபின் இனப் போதைக்கு வந்தவர்களுக்கு மட்டும், வீட்டாருக்கோ உடன் தங்குபவருக்கோ அரை மணி நேரம் கற்றுக்கொடுத்து, மருந்தோடு அனுப்பினால் போதும். மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் தரும் மத்திய அரசு இதை ஒரு நிபந்தனையாக்குவதில் என்ன சிரமம்?

விழுந்து கிடப்பவருக்கு உப்புத் தண்ணீர் ஏற்றுவது, பால் புகட்டுவது, நடக்க வைப்பது எல்லாம் வீண். உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, குறட்டைபோல் இழுத்தால் உடனே 108-ஐ அழைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். ஊசி வேலை செய்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். அதன் பலன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரைதான். போதை அதற்கு மேலும் நிற்கக்கூடும்.

உறவினரைச் சிகிச்சையில் சேர்த்திருப்பவர்கள், அழைத்துவரும் நாளிலேயே நலாக்சோனுக்குச் சீட்டு எழுதித் தரும்படி டாக்டரைக் கேட்கலாம். சிகிச்சை பற்றிய விவரங்களுக்கு மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 14446.