காய்கறி வண்டி கோர்ட்!

எங்கள் தெருவில் சில மாதங்களுக்கு முன் ஒரு பட்டப்பகல் திருட்டு. எதிர் வீட்டு மாமி கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், பின்கட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. பீரோவிலிருந்த எட்டுப் பவுன் சங்கிலியைக் காணோம். மாமி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. நானும்தான் ஓடினேன்.

ஓடினவர்கள் சும்மா நின்றோமா? ஒருத்தி பீரோக் கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி இறைந்து கிடந்த புடவைகளை மடித்து வைத்தாள். நானோ, மண்ணாகிக் கிடந்த பின்கட்டைத் தண்ணீர் விட்டுத் துடைத்தேன்! போலீஸ் வந்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

கைரேகை எடுப்பவர்கள் வந்து பவுடர் தூவிப் பார்த்தார்கள். பீரோவில் வேலைக்காரப் பெண்ணின் ரேகை இருந்ததாம். செய்தி கசிந்ததுதான் தாமதம், மறுநாள் காய்கறி வண்டியைச் சுற்றி ஒரு கோர்ட்டே கூடிவிட்டது.

"அவதான், சந்தேகமே இல்லை."

"போன வாரம் புதுச் செருப்பு போட்டுண்டு வந்தாளே, கவனிச்சியோ?"

"நாலு நாளாவே அவ முகம் சரியில்லை." இது நான் சொன்னது!

வாரம் முடிவதற்குள் மூன்று வீடுகளில் அவளை நிறுத்திவிட்டார்கள். அதில் எங்கள் வீடும் ஒன்று.

பிறகு விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் ரேகையைப் பற்றிக் கேட்டேன். "தினம் பீரோவைத் துடைக்கிறவங்க ரேகை அதுல இல்லேன்னாத்தாம்மா ஆச்சரியம்! ரேகை யாரோடதுன்னு சொல்லலாம். என்னிக்குப் பதிஞ்சதுன்னு சாதாரணமா சொல்ல முடியாது. உங்க தெருக்காரங்க ரேகையும்தான் இருக்கு. எல்லாரையும் பிடிச்சிடலாமா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உலகின் முதல் கைரேகை அலுவலகங்களில் ஒன்று 1897-ல் நம் கல்கத்தாவில்தான் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜிஜுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற நம் நாட்டுப் போலீஸ் அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அத்தனை தேர்ந்த சாஸ்திரமே, 'இவர் கை இங்கே பட்டிருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. போலீஸிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், அதை மட்டும் வைத்துக் கோர்ட் தண்டிப்பதில்லை. நாமோ ஒரு ஜோடிச் செருப்பை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்!

சகோதரிகளே, வீட்டில் திருட்டு நடந்தால் எதையும் தொடாதீர்கள். கூட்டத்தை உள்ளே விடாதீர்கள். உடனே 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். நகைகளின் ரசீதும் போட்டோவும் பீரோவில் அல்லாமல் வேறிடத்தில் இருக்கட்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகவே தருவார்கள், கேட்டு வாங்குங்கள். அக்கம்பக்கத்தார் ஏதாவது பார்த்திருந்தால் போலீஸிடம் மட்டும் சொல்லுங்கள்.

திருடன் இன்னும் அகப்படவில்லை. தண்டனை மட்டும் ஒருத்திக்குக் கிடைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக் கூப்பிட அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, "வேற இடத்துல சேந்துட்டேம்மா. பள்ளிக்கூடத்துல என் பொண்ணைக் கேக்குறாங்க, 'உங்கம்மா திருடியா?'ன்னு. அதுக்கு அவ என்ன பதில் சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் அதே காய்கறி வண்டி முன்னால், "அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மற்றவர்கள் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.